சாய்ந்த வெயிலில் பேராலயம்: கோத்திக் கட்டடங்களும் கிறிஸ்துமஸ் காலமும்

ஐரோப்பாவின் கோத்திக் பேராலயங்களை இன்றைய உலகம் பெரும்பாலும் கோடைகாலத்து ஒளிப்படங்களின் வழியாகவே அறிந்திருக்கிறது. நீல வானமும், இரவு ஒன்பதரை வரை நீளும் பகலும், வாசற்படிகளில் அமர்ந்திருக்கும் பயணிகளும் அப்படங்களின் மாறாத அங்கங்கள். ஆனால் இக்கட்டடங்களை எழுப்பிய மக்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 48 முதல் 52 பாகைக்குள் வாழ்ந்தவர்கள். ஆண்டின் ஒரு பாதி முழுவதும் அவர்களுடைய பகல் குறுகிக்கொண்டே போய், டிசம்பரின் கடைசி வாரத்தில் எட்டு மணி நேரத்தளவில் நின்றது. அந்த இருட்டின் அடியாழத்தில்தான் அவர்களுடைய சமயம் மீட்பரின் பிறப்பு விழாவை வைத்திருந்தது. ஆகவே பேராலயத்தின் கல்லையும் கண்ணாடியையும் அதன் உள்வெளியையும் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, கிறிஸ்துமஸ் காலம் என்பது அலங்கார விளக்குகளைக் காணும் பருவம் மட்டுமன்று. கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பணியைச் செய்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்க்கக் கிடைக்கும் பருவம்.

'கோத்திக்' என்ற பெயர் அதைக் கட்டியவர்கள் இட்ட பெயரன்று. உரோமப் பேரரசை அலைக்கழித்த கோத்தியர் என்ற இனக்குழுவினரின் பெயரால், பண்டைய உரோமக் கலையின் ஒழுங்கை அறியாத முரட்டுப் பாணி என்ற இகழ்ச்சிப் பொருளில், 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியரும் கலை வரலாற்றாசிரியருமான வசாரி போன்றவர்கள் இப்பாணியைக் குறித்தனர். 13ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியக் குருவொருவர் தம் ஊரில் எழுந்த இத்தகைய ஆலயத்தைப் பற்றி எழுதியபோது 'பிரெஞ்சு வேலைப்பாடு' என்றே குறித்தார். அதுவே உண்மைக்கு நெருக்கமான பெயர். பாரிசுக்கு வடக்கே உள்ள சேன் தெனி மடத்தின் தலைவர் சுஜே 1140இல் தம் மட ஆலயத்தின் புதிய மேற்கு முகப்பையும், 1144இல் புதிய கிழக்குப் பகுதியையும் திருநிலைப்படுத்தினார். அந்தக் கிழக்குப் பகுதியில், பீடத்தைச் சுற்றி வளைந்து செல்லும் நடைவழியும் அதிலிருந்து விரியும் சிற்றாலயங்களும் தடித்த சுவர்களால் பிரிக்கப்படாமல், ஒல்லியான தூண்களுக்கு இடையே ஒளி தடையின்றிப் பாயும்படி அமைக்கப்பட்டன. சுஜே தம் குறிப்புகளில் ஒளியைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசுகிறார். காணும் ஒளி காணா ஒளிக்கு மனத்தை ஏற்றிச் செல்லும் என்ற பழைய கிரேக்கக் கிறிஸ்தவ மெய்யியலை அவர் கல்லில் வடித்தார் என்று 1940களில் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி விளக்கினார். சுஜே அவ்வளவு ஆழ்ந்த தத்துவவாதி அல்லர், தம் மடத்தின் பெருமையைக் கூட்ட முனைந்த நிர்வாகியே என்று பின்னாளில் மற்றொரு கலை வரலாற்றாசிரியரான பீட்டர் கிட்சன் மறுத்தார். இவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க இயலாது: சுவரைக் குறைத்துச் சாளரத்தைக் கூட்டும் பெருமுயற்சி அங்கிருந்து வட பிரான்ஸ் முழுவதற்கும் பரவியது.

அம்முயற்சிக்கு மூன்று கட்டுமான உத்திகள் துணைநின்றன. அரைவட்ட வளைவைவிடக் கூர்முனை வளைவு பளுவைச் செங்குத்தாகக் கீழே இறக்குகிறது. அகலத்துக்கு ஏற்ப உயரத்தை மாற்றிக்கொள்ளவும் இடம் தருகிறது. கூரையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் விலாக்கள் பளுவைக் குறிப்பிட்ட சில புள்ளிகளுக்குத் திரட்டுகின்றன. இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில், 1093இல் தொடங்கிய பணியிலேயே, இதைக் காணலாம். மூன்றாவதான 'பறக்கும் உதைசுவர்' என்பது, கூரை வெளிப்புறமாகத் தள்ளும் விசையைச் சுவருக்கு வெளியே நிற்கும் கல்தூண்களுக்குக் கடத்தும் அரைவளைவுப் பாலம். இம்மூன்றும் சேர்ந்தபின் சுவர் பளு தாங்கும் வேலையிலிருந்து பெருமளவு விடுபட்டது. விடுபட்ட இடத்தில் கண்ணாடி வந்து அமர்ந்தது. இவ்வளவு பொருளையும் உழைப்பையும் ஒளிக்காகச் செலவிட்டவர்கள் ஒளி குறைந்த நாட்டில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டுக் கட்டுமானத்தை மட்டும் வியப்பது பாதிப் புரிதலே.

ஒளியின் கணக்கைக் கொலோன் பேராலயத்தைக் கொண்டு பார்க்கலாம். ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 51 பாகை வட அகலாங்கில் நிற்கும் இவ்வாலயத்தின் நடு மண்டபம் ஏறத்தாழ 43 மீட்டர் உயரமும் 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் உடையது. ஜூன் மாத இறுதியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 62 பாகைக்கு மேல் நிற்கிறது. அப்போது தெற்கு மேல்சுவர்ச் சாளரத்தில் நுழையும் கதிர் மண்டபத்தின் அகலத்தைக் கடப்பதற்குள் 24 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் 16 பாகையைக்கூட எட்டுவதில்லை. அதே அகலத்தைக் கடக்கும் கதிர் மூன்றரை மீட்டர் மட்டுமே இறங்குகிறது. அதாவது, கோடையில் சுவரின் கீழ்ப்பகுதியை நோக்கிச் சரிந்து விழும் வெயில், குளிர்காலத்தில் எதிர்ச் சுவரின் உச்சியிலேயே, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் கிடையாகத் தங்கிவிடுகிறது. கீழே நிற்பவர் அரையிருளில் நிற்கிறார். தலைக்கு மேலே, கூரையை ஒட்டிய கல்லில், வெளிச்சம் படர்கிறது. அந்த உயரத்தில், கிழக்குப் பகுதியின் மேல்சுவர்ச் சாளரங்களில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த 48 அரசர்களின் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. முகில் மூடாத டிசம்பர் நண்பகல் அந்நாட்டில் அடிக்கடி வாய்ப்பதில்லை. வாய்க்கும்போது அது அரை மணி நேரக் காட்சிதான். தெற்குக் குறுக்கு மண்டபத்தில் 2007இல் பொருத்தப்பட்ட, ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த பெருஞ்சாளரமும் இதே கணக்குக்கு உட்பட்டதே. 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்களால் ஆன அதில் உருவம் எதுவும் இல்லை. தாழ்ந்த வெயில் அதனூடே நுழையும்போது நிறங்கள் தரையில் அடங்காமல் ஆலயத்தின் உட்புறம் நெடுந்தொலைவு நீள்கின்றன.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியுள்ளது. கோத்திக் ஆலயம் என்றாலே கருத்த கல்லும் மர்மமான இருளும் என்ற மனப்படம் 19ஆம் நூற்றாண்டுக் கற்பனை இலக்கியத்தால் ஊட்டி வளர்க்கப்பட்டது. அக்கருமையில் பெரும்பகுதி மெழுகுதிரிப் புகையும், நிலக்கரிக் கரியும், நூற்றாண்டுத் தூசும் படிந்ததால் வந்தது. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் 2009 முதல் நடந்த புதுப்பிப்பில், சுவர்களின் அழுக்கு நீக்கப்பட்டு, 13ஆம் நூற்றாண்டுப் பூச்சின் எச்சங்களைப் பின்பற்றி வெளிர் மஞ்சள் நிறமும் வெள்ளைக் கோடுகளும் மீட்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 'தூண் மாதா' என்ற பெயரில் தலைமுறைகளாகக் கருநிறத்தில் வணங்கப்பட்ட திருவுருவம் வெண்முகத்துடன் வெளிப்பட்டதை ஏற்க முடியாமல் வருந்தியோர் பலர். அவர்களுடைய வருத்தம் மதிக்கத்தக்கது. மக்கள் வழிபட்ட கருமையும் ஒரு வரலாறுதான். இருப்பினும் கட்டடத்தின் நோக்கத்தைக் கருதினால் வெளிர் சுவர்களுக்கே வலுவான நியாயம் உண்டு. ஆழ்ந்த நீலமும் சிவப்புமான கண்ணாடி மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விடுகிறது. அந்தச் சிறிதளவு ஒளியை விழுங்காமல் திருப்பித் தரும் சுவர் அதற்குத் தேவை. டிசம்பர் மாதத்தில் அந்தத் தேவை இரட்டிப்பாகிறது.

ஷார்த்ரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவது தகும். ஏனெனில் அந்தப் பேராலயத்தின் பிறப்பே கிறிஸ்து பிறப்புக் கதையோடு பின்னியது. இயேசுவைப் பெற்றபோது மரியாள் அணிந்திருந்ததாக நம்பப்படும் ஆடை, 9ஆம் நூற்றாண்டில் அரசர் வழுக்கைச் சார்லசால் இவ்வாலயத்துக்கு அளிக்கப்பட்டது என்பது மரபு. புனிதரின் உடலோ உடைமையோ வணக்கத்துக்காகப் பேணப்படும்போது அதனைத் 'திருப்பண்டம்' என்பர். 1194 ஜூன் மாதத்தில் பெருந்தீ பழைய ஆலயத்தை அழித்தபோது, திருப்பண்டமும் எரிந்தது என்று ஊரே கலங்கியது. சில நாட்களுக்குப் பின் நிலவறையிலிருந்து அது சேதமின்றி வெளிவந்ததைத் தமக்குப் புதிய ஆலயம் வேண்டுமென்ற மாதாவின் விருப்பமாக மக்கள் கொண்டனர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் கட்டடத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. அக்காலத்துக்கு இது வியக்கத்தக்க வேகம். இன்றும் ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி அங்கே உள்ளது. அதில் மிகப் பெரும்பகுதி இடைக்காலத்ததே.

தீயில் தப்பிய மேற்கு முகப்பில், 12ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கப்பட்ட 'அரச வாயில்' மூன்று வாசல்களைக் கொண்டது. வலப்புற வாசலின் மேல்வளைவில் கிறிஸ்து பிறப்பு காட்டப்பட்டுள்ளது. கீழ்வரிசையில் மரியாள் படுக்கையில் சாய்ந்திருக்க, குழந்தை அவள் அருகில் இல்லாமல், அவளுக்கு மேலே பலிபீடம் போன்ற மேடையொன்றின் மீது கிடத்தப்பட்டுள்ளது. அதற்கு நேர்மேலே, இரண்டாம் வரிசையில், கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்படும் குழந்தை பீடத்தின் மீது நிற்கிறது. அதற்கும் மேலே அரியணையில் வீற்றிருக்கும் தாயின் மடியில் அதே குழந்தை. தீவனத் தொட்டி, பீடம், மடி ஆகிய மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்திருப்பது தற்செயலன்று. பிறந்த உடலும் திருப்பலியில் அப்பமாகப் படைக்கப்படும் உடலும் ஒன்றே என்ற நற்கருணைக் கோட்பாட்டைச் சிற்பி வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார். வாசலைக் கடந்து செல்பவர் உள்ளே காணப்போவது அந்தப் பீடத்தையே.

தொண்ணூறு ஆண்டுகள் கடந்தபின் அதே ஆலயத்தின் உள்ளே வேறொரு மகப்பேற்றுச் சிற்பம் தோன்றியது. குருக்கள் பாடும் பகுதியையும் மக்கள் நிற்கும் பகுதியையும் பிரித்து நின்ற கல் தடுப்பு 13ஆம் நூற்றாண்டில் சிற்பங்களால் அணிசெய்யப்பட்டது. 1763இல், புதிய இரசனைக்கு ஏற்ப, அத்தடுப்பு உடைக்கப்பட்டது. சிற்பங்கள் சில துண்டுகளாகத் தளத்துக்கு அடியில் கிடந்து பின்னர் மீட்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில், படுத்திருக்கும் தாய் தன் குழந்தையை நோக்கித் திரும்பியிருக்கிறாள். வாயிற் சிற்பத்தில் கோட்பாடு பேசியது. இங்கே தாய்மை பேசுகிறது. இத்தாலியின் கிரெச்சோ என்ற மலையூரில், 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், அசிசி நகர் பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துப் பிறப்புக் காட்சியை அமைத்த காலமும் ஏறத்தாழ இதுவே. இன்று தமிழகத்துச் சிற்றூர் ஆலயங்கள் வரை பரவியிருக்கும் 'குடில்' வைக்கும் வழக்கம், அந்த உணர்வு மாற்றத்தின் நீண்ட கிளை.

கொலோனும் கிறிஸ்துமஸ் திருப்பண்டத்துக்காகவே எழுந்த ஆலயம். பெத்லகேமுக்கு விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானியரின், தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கில் மூன்று இராசாக்களின், எலும்புகள் எனப் போற்றப்பட்டவற்றை, பேராயர் ரைனால்ட் ஃபான் டாசல் 1164இல் மிலான் நகரிலிருந்து கொலோனுக்குக் கொண்டுவந்தார். அது வெறும் பக்திச் செயலன்று. பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா மிலானை அடக்கிய போரின் வெற்றிப்பொருளும் அரசியல் மூலதனமும் ஆகும். முதன்முதல் கிறிஸ்துவை வணங்கிய அரசர்களின் உடல்களை உடைய நகரம், அரசர்களுக்குப் பெருமை வழங்கும் நகரமும் ஆனது. ஆகன் நகரில் முடிசூடிய ஜெர்மானிய மன்னர்கள் அங்கிருந்து கொலோனுக்கு வந்து இத்திருப்பண்டத்தை வணங்குவது வழக்கமாயிற்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெர்தூன் நகரப் பொற்கலைஞர் நிக்கோலாவின் தலைமையில் தொடங்கி, ஏறத்தாழ 1225இல் நிறைவுற்ற பேழை, இரண்டு மீட்டருக்கும் அதிகமான நீளத்தில், ஆலயமொன்றின் வடிவிலேயே பொன்னும் வெள்ளியும் மணிகளும் கொண்டு செய்யப்பட்டது. அதன் முகப்பில் மூன்று அரசர்களுக்குப் பின்னால் நான்காவதாக ஒருவர் நிற்கிறார். அவர் பேழைக்குப் பொன் வழங்கிய மன்னர் நான்காம் ஓட்டோ. கொடையாளர் தம் உருவத்தை மூவருக்கும் பின்னால் வைத்து, தம்மையும் பெத்லகேம் பயணத்தில் சேர்த்துக்கொண்டார்.

இப்பேழையைச் சுற்றிவரும் யாத்திரிகர் கூட்டத்துக்குப் பழைய ஆலயம் போதாததாலும், 1248இல் அது எரிந்ததாலும், அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று புதிய கோத்திக் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கிழக்குப் பகுதி 1322இல் திருநிலைப்படுத்தப்பட்டது. பின்னர் பணி தளர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் முற்றாக நின்றது. முடியாத தெற்குக் கோபுரத்தின் மேல் மரப் பாரந்தூக்கி நூற்றாண்டுகளாக நகரின் அடையாளமாகவே நின்றது. 1842இல் மீண்டும் தொடங்கிய வேலை 1880இல், 157 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களோடு, அதாவது அடிக்கல்லிலிருந்து 632 ஆண்டுகளில், நிறைவடைந்தது. இரண்டாம் உலகப்போரில் சுற்றியிருந்த நகரைத் தரைமட்டமாக்கிய குண்டுவீச்சில் பலமுறை தாக்கப்பட்டும் கட்டடம் நின்றது.

ஒளிக்கு அடுத்து ஒலி. கோத்திக் மண்டபத்தில் எழுப்பிய ஓசை உடனே அடங்குவதில்லை. கல்லிலும் கண்ணாடியிலும் மோதிப் பல நொடிகள் தங்கி மங்குகிறது. பேச்சுக்கு இது இடையூறு. பாட்டுக்கு இது வாத்தியம். மேற்கத்திய இசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு இழைகளாகப் பாடும் முறை பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தைச் சுற்றி வளர்ந்தது என்பதும், அதன் புகழ்பெற்ற முதல் ஆக்கங்கள் கிறிஸ்துமஸ் காலத்துக்கு உரியவை என்பதும் ஒன்றோடொன்று தொடர்புடைய செய்திகள். ஜனவரி 1ஆம் நாளில் கீழ்நிலைக் குருக்கள் ஆலயத்துக்குள்ளேயே நடத்திவந்த 'மூடர் திருவிழா'க் கூத்துகளை அடக்க விரும்பிய ஆயர் யூட் த சுல்லி, 1198இல் விழாவை ஒழுங்குபடுத்தி ஆணையிட்டபோது, களியாட்டத்தின் இடத்தில் இசையின் ஆடம்பரத்தை அனுமதித்தார். மூன்று, நான்கு குரல்களில் பாடுவதற்கு இடம் கொடுத்தார். பெரோத்தின் என்ற பெயரால் அறியப்படும் இசைஞரின் நான்கு குரல் ஆக்கங்கள் இரண்டினை, ஒன்று கிறிஸ்துமஸ் நாளுக்கும் மற்றொன்று டிசம்பர் 26இன் புனித ஸ்தேவான் விழாவுக்கும் உரியவை, ஆய்வாளர்கள் இந்த ஆணையோடு இணைத்துப் பார்க்கின்றனர். அவற்றில் பழைய வழிபாட்டுப் பாடலின் ஒவ்வொரு அசையும் அடிக்குரலில் நெடுநேரம் நீட்டிப் பிடிக்கப்பட, மேலே மூன்று குரல்கள் தாளக்கட்டோடு சுழல்கின்றன. தூண்போல் நிற்கும் அடிக்குரலும் அதன்மேல் கிளைக்கும் விலாக்கள் போன்ற மேற்குரல்களும் கட்டடத்தை நினைவூட்டுவதாகக் கூறுவது எளிய உவமையே. அதைவிட உறுதியான உறவு ஒன்றுண்டு: சுருதி விரைந்து மாறாமல் நெடுநேரம் நிலைத்திருப்பதால்தான் மண்டபத்தின் எதிரொலி அந்த இசையைக் குழப்பாமல் செறிவூட்டுகிறது.

அந்த நோத்ர் தாமில் 2019 ஏப்ரல் 15 அன்று மூண்ட தீ, ஓக் மரச் சட்டகங்களால் ஆன கூரையையும், 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் எழுப்பிய ஊசிக்கோபுரத்தையும் வீழ்த்தியது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி அங்கே நடைபெறவில்லை. 1803ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதல் முறை. பேராலயக் குழுவினர் லூவர் அரண்மனைக்கு எதிரே உள்ள சான் ஜெர்மன் லொசெருவா ஆலயத்தில் அவ்விரவைக் கொண்டாடினர். ஐந்தாண்டுப் பணிக்குப் பின் 2024 டிசம்பர் 7 மாலை கதவுகள் திறந்தன. மறுநாள் முதல் திருப்பலி நிறைவேறியது. அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவில் உள்ளே வந்தவர்கள் கண்ட சுவர்கள், எவருடைய நினைவிலும் இருந்த சாம்பல் நிறச் சுவர்கள் அல்ல. தூசு உரித்தெடுக்கப்பட்ட, பாலேடு நிறக் கல். பீடத்தைச் சூழ்ந்த கல் தடுப்பின் வடபுறத்தில், 14ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்களாக, பிறப்பும் இடையரும் மூவரசரும் வரிசையாக அமைந்துள்ளன. தீ அவற்றைத் தொடவில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரி ஆலயம் கோத்திக் பாணியின் அந்திக்காலத்தைச் சேர்ந்தது. 1446இல் அரசர் ஆறாம் ஹென்றி அடிக்கல் நாட்டிய இவ்வாலயம் உள்நாட்டுப் போர்களால் பலமுறை நின்று, 1515இல் ஜான் வாஸ்டெல் அமைத்த விசிறிக் கூரையுடன் முடிந்தது. ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் விலாக்கள் விசிறிபோல் விரியும் இவ்வகைக் கூரைகளுள் இதுவே உலகில் மிகப் பெரியது. இதன் கிறிஸ்துமஸ் வழிபாடு பழமையானதுபோல் தோன்றினாலும் நூற்றாண்டு வயதினது. கார்ன்வால் பகுதியின் ட்ரூரோ நகரில் 1880இல், பேராலயம் கட்டி முடியுமுன் தற்காலிக மரக் கொட்டகையில், ஆயர் பென்சன் ஒன்பது மறைநூல் வாசகங்களையும் கீதங்களையும் கோத்து ஒரு வழிபாட்டை அமைத்தார். முதல் உலகப்போரில் படைக் குருவாகப் பணியாற்றித் திரும்பிய எரிக் மில்னர்-ஒயிட், கல்லூரி ஆலயத்தின் பொறுப்பேற்ற கையோடு, 1918 கிறிஸ்துமஸ் முன்னாளில் அதைக் கேம்பிரிட்ஜில் தொடங்கினார். போர் முடிந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. 1928இல் வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கிய இவ்வழிபாடு, ஓராண்டு தவிர, ஆண்டுதோறும் ஒலித்துவருகிறது. இரண்டாம் உலகப்போரில் 16ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகள் பாதுகாப்புக்காகக் கழற்றப்பட்டிருந்த, கணப்பு வசதியற்ற ஆலயத்திலும் அது நடந்தது. எதிரிக்கு இடம் தெரியாதிருக்க ஆலயத்தின் பெயர் மட்டும் ஒலிபரப்பில் சொல்லப்படவில்லை.

வழிபாடு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. அந்நாளில் கேம்பிரிட்ஜில் சூரியன் நான்கு மணிக்குள் மறைந்துவிடும். மேற்கு வாசலருகே ஒரு சிறுவன் துணைக்கருவியின்றித் தனிக்குரலில் முதல் கீதத்தைத் தொடங்கும்போது சாளரங்களில் நிறம் இருக்கிறது; ஒன்பதாம் வாசகம் முடியும்போது கண்ணாடி முழுவதும் கறுத்து, மெழுகுதிரிகளின் ஒளி மட்டும் கூரை விசிறிகளின் அடிவயிற்றைத் தொடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டடம் பகலிலிருந்து இரவுக்குக் கடந்துவிடுகிறது. சோல்ஸ்பரி பேராலயம் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அங்கே கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில், முழு இருட்டில், முழு அமைதியில், மேற்கு முனையில் ஒற்றைத் திரி ஏற்றப்படுகிறது. பாடகர் பவனி கிழக்கு நோக்கி நகர நகர ஒளி பெருகி, முடிவில் 1,300 மெழுகுதிரிகள் எரிகின்றன. 1220இல் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் கட்டப்பட்ட அந்த ஆலயத்தின் நீளம் எவ்வளவு என்பதை அளவுநூலைவிட அந்த நகரும் ஒளி நன்றாக உணர்த்துகிறது.

இங்கேதான் பயணிகளின் நாட்காட்டியும் ஆலயத்தின் நாட்காட்டியும் முரண்படுகின்றன. ஸ்ட்ராஸ்பூர் நகரின் கிறிஸ்துமஸ் சந்தை 1570இலிருந்து அறியப்படுவது. புனித நிக்கோலாவின் பெயரால் நடந்த பழைய சந்தையைச் சீர்திருத்தச் சபையினர் எதிர்த்ததால், அது 'குழந்தைக் கிறிஸ்துவின் சந்தை' எனப் பெயர் மாறியது. அவ்வூர்ப் பேராலயத்தின் 142 மீட்டர் ஒற்றைக் கோபுரத்தைப் பார்க்க டிசம்பரில் திரளும் கூட்டம் இச்சந்தையோடு பிணைந்தது. கொலோனிலும் பேராலயத்தின் தெற்குத் திடலில் நவம்பர் இறுதியில் மரக்கடைகள் எழுகின்றன. டிசம்பர் 23 அன்று கலைகின்றன. ஆனால் திருச்சபைக் கணக்கில் அந்த நான்கு வாரங்கள் கிறிஸ்துமஸ் அல்ல. அவை காத்திருப்பின் நாட்கள். குருக்கள் ஊதா உடை அணிகிறார்கள். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. கிறிஸ்துமஸ் காலம் 24ஆம் தேதி மாலையில்தான் தொடங்குகிறது. நள்ளிரவு, விடியல், பகல் என மூன்று திருப்பலிகளாக அது விரிவதை உரோமை வழிபாட்டு மரபு பல நூற்றாண்டுகளாகக் காத்துவருகிறது. இருள், முதல் கதிர், முழு ஒளி என்ற அந்த வரிசையையே கிழக்கு நோக்கிய பீடமும் அதன் பின்னுள்ள சாளரங்களும் கண்ணுக்குப் புலப்படுத்துகின்றன. சந்தைக்காக வந்தவர்களின் இரயில்கள் புறப்பட்டுவிட்ட பின்னரே ஆலயத்தின் திருநாள் தொடங்குகிறது. ஆகவே பேராலயத்தைக் காண விரும்புகிறவர் டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரையுள்ள நாட்களைத் தேர்ந்தெடுப்பதே பொருந்தும். அப்போது வழிபாட்டு நேரங்களில் சுற்றிப்பார்க்க அனுமதி இராது. அமர்ந்திருக்கத்தான் இடம் கிடைக்கும். கல்தளத்தின் குளிர் காலணியைக் கடந்து ஏறும். அந்தக் குளிரில் அமர்ந்திருப்பதும் கட்டடத்தை அறியும் வழிகளுள் ஒன்றே.

இந்தப் பாணி வெப்ப நாட்டுக்கு வந்தபோது நேர்ந்த மாற்றத்தையும் ஒரு வரியேனும் குறிப்பிட வேண்டும். சென்னையின் சாந்தோம் பேராலயம் 1890களில் புதுக்கோத்திக் பாணியில் மீண்டும் கட்டப்பட்டது. தெலங்கானாவின் மேதக் பேராலயம் 1924 கிறிஸ்துமஸ் நாளிலேயே திருநிலைப்படுத்தப்பட்டது, அதன் மேற்குச் சாளரத்தில் கிறிஸ்து பிறப்பும் தீட்டப்பட்டுள்ளது. ஆனால் 13 பாகை அகலாங்கில் உள்ள சென்னையில், டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 53 பாகை உயரத்தில் காய்கிறது. வடக்கே ஒளியை வரவேற்க உருவான அதே சாளரம் இங்கே ஒளியை மட்டுப்படுத்தும் திரையாக வேலை செய்கிறது. கிறிஸ்துமஸ் இரவின் கூட்டமோ ஆலயத்துக்குள் அடங்காமல், மார்கழிப் பனியில், முற்றத்தில் நின்றே திருப்பலி காண்கிறது.

கொலோனில் ஜனவரி 6, மூன்று இராசாக்களின் வருகையை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா. சந்தை கலைந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். திடல் ஈரமாகவும் வெறுமையாகவும் கிடக்கும். காகித முடியும் அங்கியும் அணிந்து விண்மீன் ஏந்திய சிறுவர் சிறுமியர், வீடுவீடாகச் சென்று நிலைக்கதவுகளின் மேல் சுண்ணக்கட்டியால் ஆண்டையும் மூன்று எழுத்துகளையும் எழுதி, ஏழைக் குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்டும் நாட்கள் அவை. பேராலயத்தின் உள்ளே, உயர்பீடத்துக்குப் பின்னால், வெர்தூன் நிக்கோலாவின் பொற்பேழையில் முகப்புப் பலகை ஆண்டுக்கு ஒரு முறை கழற்றப்படுகிறது. வரிசையில் வருபவர்கள் கம்பிவலைக்குப் பின்னால், பொன்முடி சூட்டப்பட்ட மூன்று மண்டையோடுகளைக் காண்கிறார்கள். இடைக்கால யாத்திரிகன் நடந்து வந்து பார்த்ததும் அதுவே. விழா முடிந்ததும் பலகை மீண்டும் பொருத்தப்படுகிறது. நாலரை மணிக்கெல்லாம் தெற்குச் சாளரத்தின் நிறங்கள் அணையத் தொடங்குகின்றன.